சக்கர வீட்டின் கோடை

அமெரிக்கப் பள்ளிப் பேருந்தின் மஞ்சள் நிறம் உலகறிந்தது. 1939ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் சைர் கூட்டிய மாநாடு அதனை வரையறுத்தது. ஓடி ஓய்ந்த அப்பேருந்துகள் பின்னர் ஏலத்துக்கு வருகின்றன. வீட்டு வாடகை எட்டாத இளம் இணையரும், ஓய்வூதியத்தையே நம்பிய முதியோரும் அவற்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பும் அமைத்து இல்லமாக்கிக் கொள்கின்றனர். ‘ஸ்கூலி’ என்பது அவ்வில்லத்தின் செல்லப்பெயர்.

குளிரை ஒரு சிறு கணப்படுப்பு வென்றுவிடும். கோடைதான் கொடியது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023ஆம் ஆண்டு சூன் இறுதி முதல் சூலை இறுதி வரை, தொடர்ந்து 31 நாள்கள் பகல் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டிற்று. இரும்புக் கூரையும் இருபுறமும் வரிசையாய்க் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட பேருந்துக்குள் அவ்வெயிலில் குழந்தையோ முதியவரோ இருந்தால் அது உயிரைப் பற்றிய கவலை. குளிரூட்டி பொருத்தலாமே எனத் தோன்றும். அது ஏறத்தாழ 1000 வாட் கேட்கும். நாளெல்லாம் அதற்கு ஈடுகொடுக்கும் சூரியத் தகடுகளும் மின்கலங்களும் பேருந்தின் விலையையே விஞ்சிவிடக்கூடும்.

ஆகவே, புகுந்த வெப்பத்தைத் துரத்துவதினும் புகாமல் மறிப்பதே சிக்கனம். பள்ளிப்பணி முடிந்த பேருந்தின் மஞ்சளை மாற்றவேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. எப்படியும் வண்ணம் பூசத்தான் வேண்டும். கூரைக்கு வெண்பூச்சைத் தேர்ந்தால் அது வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். சூரியத் தகடுகளைக் கூரையினின்று சற்றே உயர்த்திப் பொருத்தினால் மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும். சன்னல் திரையோ வெளியே தொங்கவேண்டும். வெயில் கண்ணாடியைக் கடந்தபின் திரையிடுவது, கள்வன் புகுந்தபின் கதவடைப்பதை ஒக்கும்.

கூரையில் பொருத்தும் 12 வோல்ட் விசிறி மேலெழும் வெப்பக்காற்றை வெளியேற்றும். நிழற்பக்கச் சன்னல் ஒன்றைத் திறந்து வைத்தால் அவ்வழியே புதுக்காற்று நுழையும். அக்காற்றே அனலாயின்? ஈரத் திண்டு வழியே காற்றைச் செலுத்தும் நீர்க்குளிர்விப்பான் கைகொடுக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 கிலோ ஜூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இவ்விதியே. ஆனால், இது வறண்ட காற்றில் மட்டுமே பலிக்கும் வித்தை. ஈரம் செறிந்த புளோரிடாவில் இதனால் புழுக்கமே மிகும்.

இவ்வில்லத்தின் பெருஞ்சிறப்பு அதன் சக்கரங்களே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஃபீனிக்ஸ் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடக்கே சில மணிப் பயணத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் 2100 மீட்டர் உயரத்தில் பைன் காடுகளுக்கிடையே இருக்கிறது. எரிபொருளுக்குக் காசிருப்போர் மே மாதமே மலையேறிவிடுகின்றனர். நகரில் அன்றாட வேலையுள்ள குடும்பங்களுக்கு அவ்வழி எளிதில் திறப்பதில்லை. அவர்கள் வெள்ளைக் கூரையின்கீழ், மரநிழலுக்கு மரநிழல் பேருந்தை நகர்த்தியபடி, அக்டோபரை எதிர்நோக்கியிருக்கின்றனர்.