சாணி அடித்தவனின் வாக்குமூலம்

1989 ஜனவரியில், ஆண்டிப்பட்டியில் ஜானகி அம்மாள் தோற்றுவிட்டார் என்று ரேடியோவில் சொன்னதும் நான் விசிலடித்தேன். ஜெயித்தது தி.மு.க. என்பது எனக்கு உறைக்கவே இல்லை. 1984-ல் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எம்.ஜி.ஆர். ஜெயித்த தொகுதி அது. அவர் போய் 13 மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய மனைவியை அதே ஊரில் எதிர்க்கட்சி தோற்கடித்ததைக் கொண்டாடிய எம்.ஜி.ஆர். பக்தன் நான்.

எம்.ஜி.ஆர். போனதும் அ.தி.மு.க. இரண்டாக உடைந்தது. கட்சிச் சின்னமான இரட்டை இலையைத் தேர்தல் கமிஷன் முடக்கி வைத்திருந்தது. நான் ஜெயலலிதாவின் ஜெ. அணி, சின்னம் சேவல். எங்கள் மாமா ஜானகி அம்மாளின் ஜா. அணி, இரட்டைப் புறா. மேலூர் ரோட்டோர டீக்கடையில் தி.மு.க.காரர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சண்டை எல்லாம் எங்களுக்குள்தான். "தலைவர் சம்சாரத்துக்கு இல்லாத உரிமை வேற யாருக்குடா மாப்ளே?" என்பார் மாமா. "உரிமை வீட்டுக்குத்தான் மாமா, கட்சிக்கு இல்ல" என்பேன் நான். வாதம் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அந்த இரண்டு பெண்களைப் பற்றிய பேச்சு. அதை இங்கே எழுத முடியாது. முக்கால்வாசி என் வாயிலிருந்து வந்தது.

பேச்சோடு நிற்கவில்லை. மாமா ஆட்கள் ரேஷன் கடைச் சுவரில் வெள்ளையடித்து, நீலத்தில் இரண்டு புறா எழுதியிருந்தார்கள். கொஞ்சம் கோழி மாதிரி இருந்தாலும் நல்ல எழுத்துதான். ராத்திரி ஒரு வாளிச் சாணியைக் கரைத்துக்கொண்டு போய் அடித்தேன். காலையில் பார்த்தால், புறாவுக்கு மேலே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்த தலைவர் முகத்திலும் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் சுவரில் சேவலுக்கு மேலேயும் அதே முகம்தான். யார் செய்தது என்று மாமா கேட்டபோது, தி.மு.க.காரன் வேலையாக இருக்கும் என்றேன்.

சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. இரண்டு அணியும் வாங்கிய ஓட்டைக் கூட்டினால் ஏறக்குறைய 30 சதவீதம் வருகிறது. தி.மு.க. 33 சதவீதம் வாங்கி, 13 வருஷம் கழித்துக் கோட்டைக்குத் திரும்பியது. அடுத்த மாதமே அணிகள் ஒன்றாகிவிட்டன. மார்ச்சில் மதுரை கிழக்கில் தள்ளிவைத்த தேர்தல் நடந்தது. இரட்டை இலை ஜெயித்தது. மாமாவும் நானும் ஒரே ஜீப்பில் போய் ஓட்டுக் கேட்டோம். சாணி விஷயத்தை அப்போதும் நான் சொல்லவில்லை.

இதை இளவயசுக் கோளாறு என்று தள்ளிவிடலாம். ஆனால் 2022-ல் எனக்கு வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. கட்சிக்கு ஒற்றைத் தலைமை வேண்டும் என்று எடப்பாடி பழனிசாமி தரப்பு கிளம்பியபோது, நான் ஓ.பி.எஸ். என்கிற ஓ.பன்னீர்செல்வம் பக்கம். 1989-ல் போடியில் ஜெயலலிதாவை எதிர்த்துப் புறா சின்னத்தில் நின்ற வெண்ணிற ஆடை நிர்மலாவுக்கு அவர் வேலை பார்த்தவர் என்று எதிரணி மேடைக்கு மேடை சொன்னது. எடப்பாடியாரோ அதே தேர்தலில் சேவல் சின்னத்திலேயே நின்று எம்.எல்.ஏ. ஆனவர். என் பழைய கணக்குப்படி நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? புறாவுக்காக மாமாவைத் துரோகி என்றவன், இப்போது "அதெல்லாம் பழைய கதை" என்றேன்.

அந்த ஜூலை 11-ந் தேதி வானகரத்தில் பொதுக்குழு நடக்க, ராயப்பேட்டைத் தலைமைக் கழகத்தில் கல் பறந்தது. அந்தக் கட்டடம் ஜானகி அம்மாள் கொடுத்தது. டிவியில் பார்த்த எனக்கு, நம்ம ஆட்கள் கதவை உடைத்து உள்ளே போனது பெருமையாக இருந்தது.

கட்சியின் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் எம்.ஜி.ஆர். விதி வைத்திருந்தார். 2022-லோ போட்டியிடுவதற்கே 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும் என்றார்கள். 2023 மார்ச்சில் எடப்பாடியார் போட்டியின்றித் தேர்வானார். தொண்டன் ஓட்டைப் பறித்துவிட்டார்கள் என்று டீக்கடையில் நான் கத்தினேன். கத்தியது நியாயம்தான். ஆனால் அந்தச் சீட்டை என் கையில் கொடுத்திருந்தால் சாதியைப் பார்த்துத்தான் குத்தியிருப்பேன். விதி, விசுவாசம், ஜெயலலிதா அம்மா கைகாட்டிய முதல்வர் என்றெல்லாம் பேசியது அதை மறைக்கத்தான்.

மாமாவுக்கு இது தெரியும். "அன்னைக்கு என்னைய அந்தப் பேச்சுப் பேசுனியே, இன்னைக்கு அந்த ஆளுக்கே கொடி பிடிக்கிறியே மாப்ளே" என்று ஒருநாள் சிரித்தார். நான் பதிலுக்குத் தடுமாறினேன். "விடு, நானும் அதுக்குத்தான்" என்றார். தலைவர் பெயரால் சேராத நாங்கள் இரண்டு பேரும் இதில் சேர்ந்துகொண்டோம்.

சேர்ந்துகொண்டு, எங்கள் கிளைச் செயலாளரை விரட்டினோம். அவனுக்கு என் மகன் வயசு. எடப்பாடி பக்கம் நின்றான். "எவ்வளவுடா வாங்குன?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். அவன் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கொடிக்கம்பத்துக்குச் சொந்தக் காசில் பெயின்ட் வாங்கி அடிக்கிறவன் அவன். காசைக் கல்லாவில் வைத்துவிட்டு, டீயைப் பாதியில் விட்டுப் போனான். அதன் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. அவன் ஏன் அந்தப் பக்கம் நின்றான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.