தரிசு என்னும் சொல்

ஜெய்சல்மேரில் ஒட்டகம் மேய்க்கும் ஒருவரிடம் அவருடைய மேய்ச்சல் நிலத்தின் பெயரைக் கேட்டால், ‘ஓரண்’ என்பார். ஊர்த் தெய்வத்தின் பெயரால் தலைமுறைகளாகக் காக்கப்பட்டுவரும் நிலம் அது. அங்கே கால்நடைகள் மேயலாம். மரத்தின்மீது கோடரி படலாகாது. நாம் வன்னி என்று வணங்கும் மரம் அவர்களுக்குக் கேஜ்ரி. அதன் காய் மனிதருக்குக் கறியாகும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனியாகும். குளத்துக்கு மழைநீரைக் கொண்டுசேர்க்கும் சரிவும் பெரும்பாலும் அந்நிலத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

அதே நிலத்தை வருவாய்ப் பதிவேட்டில் தேடினால், பல இடங்களில் ‘அரசுத் தரிசு’ என்றே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வகைப்பாட்டின் வேர் நெடுந்தொலைவு செல்கிறது. உழுது பயிரிடாமல் இயற்கையின் போக்கில் விடப்பட்ட நிலத்தை வீண்நிலம் என்று கருதினார் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் நிர்வாகத்தில் அத்தகைய எண்ணம் கணக்கேட்டின் வடிவம் பெற்றது. வரி ஈட்டும் நிலம் ஒரு பக்கம், ஈட்டாதது மறுபக்கம். மேய்ச்சலும் சுள்ளியும் நீர்ப்பிடிப்பும் வருவாயாக எண்ணப்படவில்லை. வரிக்குப் புறம்பான பொதுநிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ தமிழில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டதை நாம் அறிவோம்.

ஜெய்சல்மேர் சுதேச சமஸ்தானமாக இருந்தது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சி அங்கு நடக்கவில்லை. ஆயினும் விடுதலைக்குப் பின் நாடு முழுவதும் இதே கண்ணோட்டம் நிலைபெற்றது. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தது. பின்னர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தரிசுநில வரைபடத் தொகுப்புகளும் வெளியாயின.

இன்று அந்த நிலங்களை நோக்கியே சூரிய மின்திட்டங்கள் வருகின்றன. ஜோத்பூருக்கு வடக்கே பட்லாவில் மட்டும் சுமார் 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் திறன் நிறுவப்பட்டுள்ளது. நிலக்கரியிலிருந்து நாடு விடுபட வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்குப் பாலைவனத்தின் வெயில் பெருந்துணை. ஆனால் ஓரண் ஒன்று தரிசு என்ற பெயரில் ஒதுக்கப்படும்போது, பட்டா உள்ள உழவருக்குக் கிடைக்கக்கூடிய இழப்பீடு மேய்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. பதிவேட்டின்படி அவர் இழந்தது எதுவுமில்லை. வேலிக்கு அப்பால் குளத்துக்குப் போகும் பாதையும் மறைந்துவிடுகிறது. அங்கு விளையும் மின்சாரமோ உயரழுத்தக் கம்பிகளின் வழியே தொலைதூர நகரங்களுக்குச் செல்கிறது. குடியேற்றக் காலத்து வருவாய்ச் சொல் ஒன்று, புதிய ஆற்றலின் விலையை யார் தலையில் கட்டுவது என்பதை இன்றும் முடிவுசெய்கிறது.

மாற்றத்துக்கான வழி அடைபட்டுவிடவில்லை. ராஜஸ்தானின் ஓரண்களைக் களத்திலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து, காடுகளாக அறிவிக்குமாறு 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. வானிலிருந்து பார்த்தால் முட்புதரும் மணலும் தெரியும். எல்லை எது, தெய்வம் எது, நீர் எவ்வழி ஓடிவரும் என்பவை தெரியா. அவற்றை அறிய அளவையாளர் ஒட்டகக்காரரிடம்தான் செல்ல வேண்டும். அவர் சொல்லும் பெயர் பதிவேட்டில் ஏறுமா என்பதில்தான் ஆற்றல் நீதி தொடங்குகிறது.