கூட்டமில்லாத பூக்காலம்

ஜப்பானியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மார்ச் கடைசியில் செர்ரி மரம் பூக்கத் தொடங்கினால் போதும், பாயும் சாப்பாட்டு மூட்டையுமாகக் குடும்பத்தோடு மரத்தடிக்குக் கிளம்பிவிடுவார்கள். இதற்கு 'ஹனாமி' என்று பெயர். ஹனா என்றால் பூ, மி என்றால் பார்ப்பது. பூ பார்த்தல், அவ்வளவுதான்!

டோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்தில் இதற்கென்றே ஒரு மரம் இருக்கிறது. வானிலைத் துறை ஊழியர் வந்து எண்ணிப் பார்ப்பார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் "டோக்கியோவில் செர்ரி பூத்துவிட்டது" என்று முறைப்படி அறிவிப்பார்கள். டிவிக்காரர்கள் சுற்றி நின்று படம் பிடிப்பார்கள். (பூவுக்கும் ரிசல்ட் அறிவிக்கிற தேசம்!)

அறிவிப்பு வந்ததும் கூட்டமும் வந்துவிடும். உயேனோ போன்ற பெரிய பூங்காக்களில் இடம் கிடைக்காது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையனைக் காலையிலேயே அனுப்பி, பாய் விரித்து இடம் பிடித்து வைப்பார்கள். திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே வித்தைதான்.

ஆனால் விவரம் தெரிந்த ஜப்பானியர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். அவர்களிடம் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நேரத்தை மாற்றுவது. எல்லோரும் ஞாயிறு மதியம் போனால் இவர்கள் புதன்கிழமை விடிகாலை போவார்கள். இரண்டு, இடத்தை மாற்றுவது. பெயர் பெற்ற பூங்காவை விட்டுவிட்டு, பக்கத்து ஆற்றங்கரைக்கோ சின்னக் கோயிலுக்கோ போவார்கள். மூன்று, பூவையே மாற்றுவது. செர்ரிக்கு முன்னால் பிப்ரவரியிலேயே பிளம் மரம் பூக்கிறது. அதைப் பார்க்க அவ்வளவு நெரிசல் இல்லை.

இந்த மூன்று வழிகளையும் சாகுபுரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் என்ன?

சாகுபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது கெமிக்கல் ஃபேக்டரியும் உப்பளமும்தான். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. 1950களின் இறுதியில் காஸ்டிக் சோடா தொழிற்சாலை வந்த பிறகு எழுந்த ஊர். இங்கே போய்ப் பூவா என்று சிரிப்பு வரலாம்.

அதற்கு முன்னால் மலைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஹனாமிக்கு நிகரான கூட்டம் கூடுவது குறிஞ்சிக்குத்தான். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. 2018 ஆகஸ்டில் சீசன் தொடங்குகிற சமயம் கேரளாவில் பெருவெள்ளம் வந்தது. மூணாறு சாலைகள் துண்டிக்கப்பட்டன. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. குறிஞ்சி தன் பாட்டுக்குப் பூத்து முடித்தது.

2022 அக்டோபரில் கதை வேறு. இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் குறிஞ்சி பூத்த செய்தி பரவியது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஏறினார்கள். செல்ஃபிக்காகச் செடிக்குள் இறங்கினார்கள், பூவைப் பறித்தார்கள், மலை முழுக்கத் தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு வந்தார்கள். பன்னிரண்டு வருடம் வளர்ந்து ஒரே ஒரு முறை பூத்து, விதை போட்டுவிட்டுச் சாகிற செடி அது. விதை விழுமுன் மிதித்தால் அடுத்த முறை அங்கே பூ எங்கிருந்து வரும்?

ஜப்பானிலும் இப்படி ஒன்று நடந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில், சிபா மாகாணத்தின் சகுரா நகரத்தில் சுமார் 8 லட்சம் துலிப் பூக்களை நகராட்சியே வெட்டித் தள்ளியது. விழாவை ரத்து செய்த பிறகும் கூட்டம் நிற்கவில்லை. பூ இருக்கும்வரை ஆள் வருவார்கள், அதனால் பூவையே எடுத்துவிட்டார்கள். கூட்டம் என்பது பூவுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சரி, இப்போது மலையிலிருந்து இறங்கலாம். குறிஞ்சி என்பது மலைநிலத்தின் பெயர். அதே கணக்கில் கடற்கரை நிலத்தின் பெயர் நெய்தல். அதுவும் பூதான், நீரில் பூக்கிற பூ. ஐந்து நிலத்துக்கும் செடி கொடியின் பெயரையே வைத்த மொழி இது. வேடிக்கை என்னவென்றால், நெய்தல் நிலத்துப் பிள்ளைகள் வேன் பிடித்துக் குறிஞ்சி பார்க்கப் போகிறார்கள். சொந்த நிலத்தில் என்ன பூக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள்!

ஊர்ப் பெயர்களையாவது கவனிக்கலாம். தாமிரபரணி கடலில் சேருகிற இடம் புன்னைக்காயல். ஏரல் பக்கம் ஓர் ஊர் உமரிக்காடு. திருநெல்வேலி தாண்டினால் தாழையூத்து. புன்னை, உமரி, தாழை. எந்த மரமும் செடியும் எங்கே இருந்தது என்று பழைய ஆட்கள் ஊருக்கே பெயராக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் வழி, நேரம். இதற்குச் சரியான பூ அடம்பு. சங்கப் பாடல்களில் அடும்பு என்று வருவது இதுதான். மணலில் படர்கிற கொடி. இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு போல இருக்கும். அதன் அறிவியல் பெயருக்கும் ஆட்டுக்கால் என்றுதான் அர்த்தம். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் மாதிரிப் பூ. காலையில் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். காயல்பட்டினம் கடற்கரைக்கு ஜனம் வருவது மாலையில். அடம்பு பூத்திருப்பது காலையில். கூட்டத்துக்கும் பூவுக்கும் சந்திப்பே கிடையாது! விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், ஆள் நடமாட்டம் குறைந்த மணல்மேட்டுப் பக்கம் போனால் பூ முழுக்க ஒரு ஆளுக்குத்தான்.

பூவரசும் நேரம் பார்த்துப் பார்க்க வேண்டியது. விரியும்போது மஞ்சள், வாடும்போது சிவப்பு. ஒரே மரத்தில் இன்றைய பூவும் நேற்றைய பூவும் வேறு வேறு நிறத்தில் நிற்கும். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர்கள் பலர், பூவை நின்று பார்த்தவர்கள் குறைவு.

இரண்டாவது வழி, இடம். கந்தசஷ்டிக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூரில் தலை தெரியாத கூட்டம். அங்கிருந்து கொஞ்சம் மேற்கே போனால் காயாமொழியை ஒட்டிக் குதிரைமொழித் தேரி. இரும்புச் சத்தால் சிவந்த மணல், மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம். நடந்தால் கால் புதையும். அங்கே பனை நிற்கிறது, முந்திரி நிற்கிறது, குடை விரித்த மாதிரி உடைமரம் நிற்கிறது. வடகிழக்கு மழை முடிந்த பிறகு போக வேண்டும். ஆனி ஆடியில் போனால் காற்று மணலை அள்ளிக் கண்ணில் போட்டுவிடும். தையில் ஓரங்களில் ஆவாரை மஞ்சள் பிடித்திருக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதைத் தேடிப் பறிக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. மாசிக்குள் முந்திரி பூத்துவிடும். சின்னப் பூ, இளஞ்சிவப்புக் கோடு போட்டது. கிட்டே போய்க் குனிந்தால்தான் தெரியும்.

தேரிப் பக்கம் கேமராவோடு போகிற எந்தப் பையனுக்கும் ஆடு மேய்க்கிற அண்ணாச்சியிடமிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான்: "என்ன தம்பி, இடம் பாக்க வந்தியளா?" பூ பார்க்க வந்ததாகச் சொன்னால் சிரிப்பார். சிரித்துவிட்டு, எந்தப் பக்கம் பூத்திருக்கிறது என்று அவரே கை காட்டுவார். வெப்சைட்டில் கிடைக்காத தகவல் அது.

மூன்றாவது வழி, பூவை மாற்றுவது. இங்கேதான் சாகுபுரம் ஜெயிக்கிறது. சித்திரையில் வேம்பு பூக்கிறது. அதைப் பூ என்றே யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ரசத்துக்கும் பச்சடிக்கும் தவிர. ஒரு நல்ல வேப்பமரத்தடியில் காலையில் நின்றால் தேன் வாசனை, தேனீ இரைச்சல், தலையெல்லாம் வெள்ளைப் பொட்டு. செர்ரிப் பூ உதிர்வதைப் பார்க்க விமானம் ஏறிப் போகிறவர்கள் உண்டு. வேப்பம்பூ உதிர்வதைப் பார்க்க வாசலுக்கு வந்தால் போதும்.

பனம்பாளை இன்னொன்று. பாளை முழுதாக விரிந்துவிட்டால் பதநீர் கிடையாது. அதனால் விரியும் முன்பே கட்டி, நாள்தோறும் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைத் தொங்கவிடுகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டியைக் கடித்தால், பூக்காமல் போன பூவின் தித்திப்பு அது.

எல்லாவற்றையும்விட ஆச்சரியம் உமரி. ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோவில் நோட்டோரோ ஏரி இருக்கிறது. செப்டம்பரில் அதன் கரைச் சேறு முழுக்க ஒரு உப்புச்செடி பவளம் போலச் சிவந்துவிடும். மரப்பாலம் போட்டு வைத்திருக்கிறார்கள். டூரிஸ்ட் பஸ் வருகிறது. அந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் உமரி. ஆறுமுகநேரி உப்பளங்களின் ஓரத்தில், வேறு எதுவும் முளைக்காத உவர்மண்ணில், வெயில் ஏற ஏறச் சிவக்கிறது. ஒரு பக்கம் வெள்ளை உப்புக் குவியல், ஒரு பக்கம் சிவந்த உமரி. டிக்கெட் கிடையாது, பாலம் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது.

கூட்டம் இல்லாதது நல்லதுதானே என்று தோன்றும். பாதிதான் நல்லது. யாரும் பார்க்காத பூவுக்கு வேறு விதமான ஆபத்து இருக்கிறது. அது இல்லாமல் போனால் தெரியாது.

அடம்புக்கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைக்கிறது. கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம், அழகுபடுத்துகிறோம் என்று மண்வாரி வரும்போது முதலில் வழித்துப் போடுவது அதைத்தான். அது 'புதர்'. ஆவாரை இருந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்கிறது. அது 'பச்சையாகத்தானே இருக்கு'. குறிஞ்சியை யாராவது வெட்டினால் பேப்பரில் வரும். உமரித் திட்டை மண் போட்டு நிரவினால் செய்தியே இல்லை. என்ன போயிற்று என்று சொல்லத் தெரிந்த ஆள் இருந்தால்தானே செய்தி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஊரே மிதந்தது. அந்த மழைக்கு மில்லிமீட்டர் வரை கணக்கு இருக்கிறது. ஆனால் அதற்கடுத்த தை மாதம் எந்தச் செடி சீக்கிரம் பூத்தது, எது பூக்கவே இல்லை என்று கேட்டால் ஊரில் பதில் கிடைப்பது கஷ்டம்.

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் செர்ரி எந்தத் தேதியில் முழுதாகப் பூத்தது என்பதற்கு 1,200 வருடத்துக்கும் மேலான குறிப்புகள் இருக்கின்றன. அரசவை ஆட்களும் துறவிகளும் தங்கள் டைரியில் எழுதியவை. "இன்று பூ பார்த்தோம்" என்ற அளவில்தான் பலவும் இருக்கும். அவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. ஆனால் 2021-ல் மார்ச் 26-ம் தேதியே மரங்கள் முழுதாகப் பூத்தபோது, இத்தனை நூற்றாண்டுகளில் இதுதான் மிகவும் சீக்கிரம் என்று சொல்ல முடிந்தது அந்த டைரிகளால்தான். பூமி சூடாவதற்கு அது ஒரு சாட்சியாகவும் ஆனது. இந்தியாவில் 2010 வாக்கில் தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டமும் இதையே செய்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, துளிர்த்ததா, பூத்ததா, காய்த்ததா என்று வாராவாரம் குறிக்கிறார்கள். கேரளப் பிள்ளைகள் இதில் முன்னணி.

ஆக, இந்தக் கரைப் பூக்களுக்குக் கூட்டம் வேண்டாம், ஆள் வேண்டும். மிதிக்கிற ஆயிரம் பேர் வேண்டாம். வருடா வருடம் அதே இடத்துக்குப் போய், அதே கொடி இருக்கிறதா என்று பார்க்கிற நாலு பேர் வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், பூ, மூன்றே கட்டம். பறிக்க வேண்டியதில்லை. இடத்தின் துல்லியமான அடையாளத்தை ஊருக்கெல்லாம் ஃபார்வேர்டு செய்ய வேண்டியதும் இல்லை. கூடப் படிக்கிற ஒருவரை அழைத்துப் போனால் போதும், அவர் இன்னொருவரை அழைத்துப் போவார்.

தொடங்குவதற்கு அடம்பு சுலபமானது. மழை ஓய்ந்த பிறகு ஏதாவது ஒரு வார நாளில் போகலாம். மதியத்துக்குள் பூ சுருங்கிவிடும் என்பதால், முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது.