பாட்ஜில் ஒரு குட்டி அகல் விளக்கு

பள்ளி ஆண்டு விழாவில் என் இளைய பெண்ணுக்கு வரவேற்புக் குழுவில் இடம் கிடைத்தது. "அம்மா, எங்க பாட்ஜ் ஓரத்துல குட்டியா ஒரு விளக்கு எரியணும். கடையில ஒண்ணு 150 ரூபாய் சொல்றான்" என்றாள். பத்துப் பேருக்கு 1500 ரூபாயா! "இரு, நாமே செஞ்சு பார்க்கலாம்" என்றேன். எலெக்ட்ரிக் வேலை தெரிந்த என் தம்பி சொல்லித் தந்தான். ஒன்றுக்கு 40 ரூபாய்க்குள் முடிந்தது.

தேவையானவை: சிவப்பு எல்.இ.டி. பல்பு, சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பாட்டரி, 100 ஓம் ரெஸிஸ்டர், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, இன்சுலேஷன் டேப், கெட்டித் துணி, ஊக்கு.

அட்டையில் அகல் விளக்கு வரைந்து வெட்டி, சுடர் வரும் இடத்தில் துளையிட்டுப் பல்பைச் செருகுங்கள். பல்பின் நீளக் கால்தான் பிளஸ். அதில் ரெஸிஸ்டரை இறுக முறுக்கி, மறுமுனையைப் பாட்டரியின் பிளஸ் பக்கம் வையுங்கள். குட்டைக் கால் மறுபக்கம். பாட்டரியின் விளிம்பும் பிளஸ்தான். அதனால் குட்டைக் கால் விளிம்பில் படாமல் நடுவே டேப் ஒட்ட வேண்டும். எரிகிறதா என்று பார்த்துவிட்டு, டேப்பால் இறுகச் சுற்றுங்கள். எரியாவிட்டால் பாட்டரியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தபோது என் நாத்தனாரும் வந்திருந்தாள். அவள் பிள்ளைக்கு ஒன்றரை வயது, கண்டதையும் வாயில் போடும் பருவம். அதனால் பாட்டரிகளை எண்ணித்தான் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றையும் துணிப் பைக்குள் வைத்து நாலு பக்கமும் தைத்தேன். கத்தரி இல்லாமல் பிரிக்க முடியாது.

"இத்தனூண்டு பாட்டரிக்கு இவ்வளவு பயமா அண்ணி?" என்றாள். பயப்படத்தான் வேண்டும். இதன் அகலம் 20 மில்லிமீட்டர். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, 2 மணி நேரத்திலேயே ஆழமாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்த பாட்டரியும் ஆபத்துதான்.

விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடும் வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது தாண்டி, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், தேன் கையில் இருந்தால் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு 2 டீஸ்பூன் வீதம் 6 தடவை வரை தரலாம். தேனைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது.

அன்று மாலையே நாத்தனார் தன் வீட்டு ரிமோட், எடை பார்க்கும் மெஷின், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றின் மூடியிலும் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டாளாம். நீங்களும் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே!