பெயர்ப் பட்டியல்

நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கம் இரவிலும் உறங்காத இடம். விளம்பரப் பலகைகளின் ஒளிவெள்ளம் அங்கு விடியும்வரை வடிவதில்லை. அந்த ஒளிக்கு அடியிலேயே, கட்டட வாயில்களின் ஓரங்களிலும் நடைபாதைகளிலும் அட்டைகளை விரித்துப் பலர் உறங்கி வந்தனர். கூப்பிடு தொலைவில் பாழடைந்து கிடந்த பழைய விடுதி ஒன்றை, ரோசன் ஹேகர்ட்டி என்னும் சமூகப் பணியாளர் 1990களின் தொடக்கத்தில் சீரமைத்து, 652 இல்லங்கள் கொண்ட குடியிருப்பாக மாற்றினார். வருவாய் குறைந்தோரும் வீடற்றோரும் அங்கே குடியேறினர். அவர்களுக்கு வேண்டிய துணைச் சேவைகளும் அதே கட்டடத்தில் கிடைத்தன. பாராட்டுகள் குவிந்தன. ஆயினும் பத்தாண்டுகள் கழிந்த பின்னும், அவ்வாயிலுக்கு வெளியே மனிதர்கள் உறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

காரணம் எளிது; ஆனால் அது எளிதில் கண்ணில் படவில்லை. குடியிருப்பில் இடம் பெற்றவர்கள் அலுவலகம் தேடி வந்து, படிவம் நிரப்பி, முறை வரும்வரை காத்திருக்க வல்லவர்கள். பல ஆண்டுகள் தெருவிலேயே கிடந்து உடல் நலிந்தோரும் மனம் நலிந்தோரும் எந்த அலுவலகத்தின் படியையும் மிதிக்கவில்லை. கேட்டு வந்தவர்களின் கணக்கு நிறுவனத்திடம் இருந்தது. கேட்க இயலாதவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. அதைத் தேடும் பணி 2003ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கியது. முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர் அதற்குத் தலைமை ஏற்றார். விடியலுக்கு முன்பே தெருத்தெருவாகச் சென்று உறங்குவோரை எண்ணினார்கள். பின்னர் அவர்களுடைய பெயரையும் உடல்நிலையையும் எத்தனை ஆண்டுகளாக அங்கு இருக்கிறார்கள் என்பதையும் கேட்டறிந்தார்கள். பெருங்கூட்டமாகத் தோன்றியவர்களில் பலர் ஓரிரு இரவுகள் வந்துபோகிறவர்கள் என்பதும், ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியவர்கள் சிலரே என்பதும் அப்போதுதான் தெரிந்தன. தீர்வே இல்லை என்று எண்ணப்பட்ட துயரம், பெயர் சொல்லி அழைக்கத்தக்க அளவுக்குச் சுருங்கி நின்றது. அந்தச் சிலரையே நாடிச் சென்று வீடு அளித்தபோது, நான்கே ஆண்டுகளில் அப்பகுதியில் தெருவில் உறங்குவோர் தொகை 87 விழுக்காடு குறைந்தது.

வீடுகள் சிலவே இருக்கும்போது யாருக்கு முதலில் தருவது என்னும் வினா எழுந்தது. பாஸ்டன் நகரில் வீடற்றோருக்கு மருத்துவம் பார்த்துவந்த ஜிம் ஓ'கானல் என்னும் மருத்துவர், தெருவில் இறந்தவர்களின் வரலாறுகளை ஆராய்ந்திருந்தார். அறுபது வயதைக் கடந்தவர், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுற்றவர், கடுங்குளிரால் உடலுறுப்புகள் பாதிக்கப்பட்டவர், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அடிக்கடி கொண்டு செல்லப்படுபவர் ஆகியோர் தெருவிலேயே விடப்பட்டால் விரைவில் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்று அவ்வாராய்ச்சி காட்டியது. இவற்றைக் கொண்டு ஒரு வினாத்தாள் உருவானது. முதலில் வந்தவருக்கு முதலில் என்னும் பழைய முறைக்கு மாற்றாக, இறப்பின் விளிம்பில் நிற்பவருக்கு முதலில் என்னும் முறை வந்தது.

2010இல் ஹேகர்ட்டியின் குழு ஓர் இலட்சம் பேருக்கு வீடு என்னும் இயக்கத்தை அமெரிக்கா முழுவதும் தொடங்கியது. 2014இல் அது நிறைவுற்றபோது 1,05,580 பேர் குடியமர்த்தப்பட்டிருந்தனர். வேறு யாராயினும் விழா எடுத்து ஓய்ந்திருப்பர். அக்குழுவோ தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டது: இவ்வளவுக்குப் பிறகு வீடின்மை முடிவுக்கு வந்த ஊர் எது? ஓர் ஊரும் இல்லை.

அமெரிக்காவில் வீடற்றோரை ஜனவரி மாதத்தில் ஓர் இரவில் எண்ணுவது வழக்கம். ஓடும் ஆற்றை ஒரு கணம் பார்த்துவிட்டு அதன் நீரளவைச் சொல்வது போன்றது அது. இம்மாதம் வேலையிழந்து தெருவுக்கு வந்தவர் எத்தனை பேர், வீடு கிடைத்துச் சென்றவர் எத்தனை பேர், சென்றும் திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லாது. மேலும், ஒரே மனிதர் மூன்று நிறுவனங்களின் பதிவேடுகளில் மூவராக இருப்பார். அவருடைய வாழ்வுக்கு மூன்றில் ஒன்றும் பொறுப்பேற்காது. எனவே 2015இல் தொடங்கிய அடுத்த முயற்சியில் பெயர்வழிப் பட்டியல் ஒன்றே அடிப்படையாயிற்று. ஊரில் உள்ள வீடற்றோர் ஒவ்வொருவரின் பெயரும் அவருடைய இசைவுடன் அதில் இடம்பெறும்; மாதந்தோறும் திருத்தப்படும். நகராட்சி, மருத்துவமனை, வீட்டுவசதித் துறை, தொண்டு நிறுவனங்கள் ஆகிய எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து அந்த ஒரே பட்டியலைப் படிப்பர். இதற்குப் பயன்பட்ட கருவி வியப்பூட்டுவதன்று. பெரும்பாலும் ஒரு கணினிப் பட்டியலும், அதை விடாது திருத்திவரும் ஒழுங்குமே.

இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு சுமார் ஒன்றரை இலட்சம் மக்கள் வாழும் தொழில் நகரம். அந்நகரம் 2015 இறுதியில் முன்னாள் படைவீரர்களிடையேயும், 2017 தொடக்கத்தில் நெடுங்காலம் தெருவில் வாழ்ந்தோரிடையேயும் வீடின்மையை 'நடைமுறைச் சுழியம்' என்னும் நிலைக்குக் கொண்டுவந்தது. இனி ஒருவரும் வீடிழக்கமாட்டார் என்பது இதன் பொருளன்று. வீடிழப்பவரை உடனே அடையாளம் கண்டு விரைவில் குடியமர்த்தும் ஆற்றல் ஊருக்கு வந்துவிட்டது என்பதே பொருள்.

பட்டியலுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஓ'கானலின் ஆராய்ச்சியில் வேர்கொண்ட வினாத்தாள், பின்னாளில் மதிப்பெண் வழங்கும் கருவியாக விரிந்து பல நகரங்களுக்குப் பரவியது. முன்பின் அறியாத ஒருவரிடம் தம் நோயையும் பட்ட கொடுமைகளையும் சொல்லத் தயங்கியவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றனர். வரிசையில் பின்னுக்குச் சென்றனர். கறுப்பின மக்கள் வெள்ளையரைவிடக் குறைவான மதிப்பெண் பெறுவதை ஆய்வுகள் காட்டின. அதை உருவாக்கியோரே பின்னர் அதைக் கைவிடுவதாக அறிவித்தனர். இன்னார் இன்ன பாலத்தின் கீழ் உறங்குகிறார் என்னும் செய்தி, உதவ வருபவரின் கையிலிருந்து விரட்ட வருபவரின் கைக்கு மாற எவ்வளவு நேரமாகும் என்பதும் எண்ணத்தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியல் வீடு கட்டாது. வாடகை உயர்ந்துகொண்டே செல்லும் அந்நாட்டில் 2024ஆம் ஆண்டின் ஓரிரவுக் கணக்கு 7,71,480 பேரைக் காட்டியது. அதுவரை எண்ணப்பட்டவற்றுள் அதுவே மிகுதி.

இந்தியாவிலும் அத்தகைய ஓர் இரவு உண்டு. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் வீடற்றோரைத் தேடிச் சென்றனர். சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், பெரிய சிமெண்டுக் குழாய், கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகியவை அவர்கள் தேட வேண்டிய இடங்கள். நாடெங்கும் சுமார் 17.7 இலட்சம் பேர் எண்ணப்பட்டனர். நகர மக்கள்தொகையில் ஓர் இலட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஆணையிட்டதால், எண்ணிக்கைக்குப் பயன் உண்டு. ஆனால் எண்ணப்பட்டவரின் கையில் மறுநாள் காலையில் எதுவும் மிஞ்சுவதில்லை. குடும்ப அட்டை கேட்டால் முகவரி கேட்பார்கள். அவரிடம் இல்லாதது அதுவே.

வாக்காளர் பட்டியல் ஒன்றில் மட்டும் தேர்தல் ஆணையம் வேறு வழி வகுத்திருக்கிறது. வீடற்ற ஒருவர் தாம் உறங்கும் இடத்தையே முகவரியாக எழுதி விண்ணப்பிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவ்விடத்துக்குச் சென்று, அவர் அங்கு உறங்குகிறாரா என்று பார்ப்பார். ஓர் இரவு போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் சென்று பார்த்தாக வேண்டும். அவர் அங்குதான் உறங்குகிறார் என்று உறுதியானால் இருப்பிடச் சான்று எதுவும் கேட்கப்படுவதில்லை. அவருடைய பெயர் பட்டியலில் ஏறுகிறது. அதன் எதிரே அந்த நடைபாதையும் எழுதப்படுகிறது.