மூடும்போது வருகிற பிழை

பிரவுசரைத் திறக்கும்போது ஏதாவது பிழை வந்தால் வீட்டையே இரண்டாக்குகிறோம். மூடும்போது வந்தால் கண்ணில் பட்ட பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறோம். மெயில் போய்விட்டது, கரண்ட் பில் கட்டியாகிவிட்டது, கிளம்புகிற நேரத்தில் அந்தப் பெட்டி என்ன சொன்னால் நமக்கென்ன? கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் என்னிடம் வரும் கோளாறுகளில் மிகவும் முற்றிப்போய் வருவது இந்த ரகம்தான். “ரொம்ப நாளா வருது சார், அதுபாட்டுக்கு வரும், நாங்கபாட்டுக்கு மூடிடுவோம்” என்பார்கள்.

நான் அதை அப்படி விடுவதில்லை. அதற்குக் காரணம், 2008 வாக்கில் மன்னார்குடியில் நான் வேலை பார்த்த ஒரு பிரவுசிங் சென்டர்.

மாடியில் சென்டர். பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள், எல்லாவற்றிலும் விண்டோஸ் எக்ஸ்பி. கவுண்டரில் ஓர் அக்கா இருந்தார். அவர் மேசையில் இருந்த சிஸ்டத்தில்தான் லேசர் பிரிண்டர் மாட்டியிருந்தது. கேபின்களில் இருப்பவர்கள் நெட்வொர்க் வழியாக அதற்குப் பிரிண்ட் கொடுப்பார்கள். அந்தக் கோடையில் பல மாற்றங்கள் ஒன்றாக நடந்தன. பிரிண்டர் மாறியது. ஆன்டிவைரஸ் புதிதாகப் போட்டோம். வருகிறவர்கள் எதை எதையோ டவுன்லோடு செய்ததில் பிரவுசரின் தலையில் வரிசையாக டூல்பார்கள் ஏறியிருந்தன. இதற்கிடையில்தான் அந்தப் பெட்டி வரத் தொடங்கியது. பிரவுசரை மூடினால், இந்த புரோகிராமில் ஒரு பிரச்சினை, இதை மூடவேண்டியிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லும். கீழே இரண்டு பட்டன்கள்: சென்ட் எரர் ரிப்போர்ட், டோன்ட் சென்ட்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். ஒரு பெண், அம்மாவோடு வந்து மார்க் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்தாள். நல்ல மார்க். மூடும்போது பெட்டி வந்தது. அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. “அண்ணா, நான் ஒண்ணும் பண்ணலண்ணா, மூடத்தான் செஞ்சேன்” என்றாள். ரிப்போர்ட் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, “இது ஸ்கூலுக்குப் போகுமாண்ணா?” என்றாள். அம்மா அதற்குள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துவிட்டார். “சரிபண்ண எவ்வளவு ஆகும் தம்பி?”

ஒன்றும் ஆகாதும்மா என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்து, ஒரு டி.சி.ஏ. சர்டிஃபிகேட்டோடு வேலைக்கு வந்தவன் நான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி குதித்தால் என் நெஞ்சும் ஒரு கணம் அடைக்கும். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. வாடிக்கையாளர் முன்னால் அலட்சியமாகச் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தக் கற்றுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இயந்திரத்தின் கோளாறை ஒரு மனுஷி தன் குற்றமாக எடுத்துக்கொண்டு காசை எடுக்கிறாள் என்றால், அந்தக் கோளாறு சின்னது இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிரவுசரை மூடுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது அதன் பிறகுதான். வலது மூலையில் பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் உடனே மறைந்துவிடும். வேலை அப்போதுதான் ஆரம்பமாகும். பார்த்த பக்கங்களின் பட்டியல், குக்கீகள், பாதியில் இருந்த டவுன்லோடு எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி முடிக்க வேண்டும். கூட ஓடிக்கொண்டிருந்த பிளகின்களையும் ஆட்-ஆன்களையும் நிறுத்த வேண்டும். வாங்கிவைத்திருந்த மெமரியைத் திருப்பித் தர வேண்டும். இதெல்லாம் ஒரு முறைப்படி, ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். கடையைச் சாத்தும்போது, வெளியே அனுப்பிய பையன் திரும்பிவிட்டானா என்று பார்க்காமல் ஷட்டரை இறக்கிவிட்டால், அவன் வந்து பூட்டிய கதவில் முட்டிக்கொள்வான். மூடும்போது வரும் பிழைகளில் பல இதே கதைதான். ஒரு துண்டு நிரல், ஏற்கெனவே திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்ட மெமரியைத் தேடி வருகிறது. அங்கே ஒன்றும் இல்லை. விண்டோஸ் அந்த இடத்திலேயே புரோகிராமைக் கொன்றுவிட்டுப் பெட்டியைக் காட்டுகிறது.

அதனால் பிழை தெரிவது மூடும்போது என்றாலும், அதற்கான காரியம் எப்போதோ முன்னால் நடந்திருக்கும். எதையோ உள்ளே கூப்பிட்டிருப்போம். அது ஒழுங்காக வெளியேறவில்லை. அப்படி என்றால், யார் அது?

எங்கள் தொழிலில் அப்போது எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: ஃபார்மேட் அடி. அடித்தோம். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, டூல்பார் எதுவும் இல்லாமல் சுத்தமாகக் கேபினைத் திறந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பழைய பெட்டி அதே வாசகத்தோடு வந்து நின்றது. ரேம் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தோம். மின்வெட்டு கடுமையாக இருந்த காலம், யு.பி.எஸ். தாங்காமல் சிஸ்டம் பட்டென்று அணைவதில் ஃபைல்கள் கெட்டிருக்கும் என்று ஓனர் சொன்னார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் இன்றைக்குப் போட்ட விண்டோஸில், கரண்ட் போகாத மத்தியானத்திலும் வருகிறதே?

விடையைக் கண்டுபிடித்தது கவுண்டர் அக்கா. அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். கேபின் எண், வந்த நேரம், போன நேரம், பிரிண்ட் எத்தனை, வாங்கிய காசு. பெட்டி வரும்போதெல்லாம் ஆட்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் நோட்டை என் பக்கம் திருப்பி, “தம்பி, இதைப் பாரு. பிரிண்ட் எடுத்தவங்களுக்கு மட்டும்தான் இது வருது” என்றார். விரலை ஓட்டிப் பார்த்தேன். பிரிண்ட் கட்டத்தில் எண் இருந்த வரிகளில்தான் புள்ளியும் இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. ஒரு வரியில் பிரிண்ட் இல்லை, புள்ளி இருந்தது. அது ஒரு காலேஜ் பையன், தினம் வருகிறவன். மறுநாள் வந்ததும் அக்கா அவனையே கேட்டார். பேங்க் எக்ஸாம் கால் லெட்டரைப் பிரிண்ட் எடுக்கப் போனானாம். பிரிண்ட் பிரிவியூவில் பார்த்தால் மூன்று பக்கம் காட்டியதாம். கையில் காசு குறைவு என்று கேன்சல் செய்துவிட்டானாம். பிரிவியூ பார்க்கும்போதே பிரிண்டரின் டிரைவர் பிரவுசருக்குள் ஏறிவிடும். தாளில் மை படவேண்டும் என்று அவசியம் இல்லை. தொந்தரவாகத் தெரிந்த அந்த ஒரு வரிதான் எங்கள் சந்தேகத்தை உறுதியாக்கியது.

பிறகுதான் அந்தப் பெட்டியை நிதானமாகப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் என்ன தகவல் இருக்கிறது என்று பார்க்க அதிலேயே ஒரு லிங்க் இருக்கும். அதை அழுத்தினால் விழுந்த புரோகிராமின் பெயரும், பக்கத்தில் எந்த மாட்யூலில் விழுந்தது என்பதும் வரும். கண்ட்ரோல் பேனலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், அதற்குள் ஈவென்ட் வியூவர், அதில் அப்ளிகேஷன் என்ற பகுதி. அங்கேயும் சிவப்புக் குறியோடு, 1000 என்ற எண்ணில் அதே மாட்யூலின் பெயர் வரிசையாகக் கிடந்தது. அந்தப் பெயரைத் தேடினால், விண்டோஸ் பிரிண்டர் டிரைவர்களைப் போட்டுவைக்கிற ஸ்பூல் என்ற ஃபோல்டருக்குள் போய் நின்றது. ஃபைலை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பார்த்தால் வெர்ஷன் பக்கத்தில் பிரிண்டர் கம்பெனியின் பெயர்.

ஃபார்மேட் அடித்தும் ஏன் போகவில்லை என்பதும் அப்போது புரிந்தது. நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரிண்டரைக் கேபின் சிஸ்டத்தில் சேர்க்கும்போது, அதற்கான டிரைவரைக் கவுண்டர் சிஸ்டத்திலிருந்து விண்டோஸ் தானாகவே இறக்கிக்கொள்ளும். வசதிக்காகச் செய்த ஏற்பாடு. கேபின்களை எத்தனை முறை கழுவினாலும், தண்ணீர் வருகிற தொட்டியை யாரும் கழுவவில்லை.

கம்பெனி சி.டி.யில் வந்த டிரைவரைக் கவுண்டரில் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வருகிற பொதுவான டிரைவரைப் போட்டோம். பெட்டி நின்றுவிட்டது. ஆனால் அந்த டிரைவரில் டோனரை மிச்சப்படுத்தும் வசதி இல்லை. ஓனர் முகம் சுருங்கியது. டோனர் விலை அப்படி. அக்காதான் விட்டுக்கொடுக்காமல் பேசினார். வருகிறவர்கள் பயந்துபோய்ப் போகிறார்கள், பிள்ளைகள் அடுத்த கடைக்குப் போனால் அதைவிட நஷ்டம் என்றார். பிறகு கம்பெனி புதிய டிரைவர் வெளியிட்டதும் அதை மாற்றினோம்.

அதன் பிறகு பிரவுசர்களின் உள் அமைப்பே மாறிவிட்டது. 2008 செப்டம்பரில் வந்த குரோம், ஒவ்வொரு டேபையும் தனித்தனிப் புராசஸாகப் பிரித்து ஓட்டியது. ஒன்று விழுந்தாலும் மற்றவை தொடர்ந்து ஓடும். மூடும்போது மக்கர் செய்வதில் பெயர்போன பழைய வகை பிளகின்களை 2015-இல் குரோம் அடியோடு விட்டது. 2017-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஃபிளாஷ் ஒன்றைத் தவிர மற்றவற்றை விட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவும் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இதெல்லாம் நல்ல மாற்றங்கள். ஆனாலும் இந்த ரகக் கோளாறு ஒழியவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது. மூடிவிட்டோம் என்று நினைப்போம். மறுபடி திறந்தால், ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் சொல்லவில்லை என்று வரும். உள்ளே வேலை முடியாமல் பழைய புராசஸ் இன்னும் கிடக்கிறது, நம் புக்மார்க்குகளும் செட்டிங்குகளும் இருக்கிற புரொஃபைலின் பூட்டை அது விடவில்லை என்று அர்த்தம். ஒரு நிமிடம் அளவுக்குக் காத்திருந்தும் மூடும் வேலை முடியவில்லை என்றால், ஃபயர்ஃபாக்ஸ் தன்னைத்தானே வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டு கிராஷ் ரிப்போர்ட் எழுதும். பார்க்கிறவருக்கு அது பிழை. உண்மையில் அது, நாளெல்லாம் பின்னணியில் தொங்கிக்கொண்டிருக்காமல் இருக்கச் செய்த பாதுகாப்பு.

இப்போது யாராவது மூடும்போது பிழை என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தால், முதலில் புக்மார்க்குகளுக்கு ஒரு நகல் எடுத்துவைத்துவிடுவேன். பிறகு ஆட்-ஆன்கள் இல்லாத நிலையில் திறந்து மூடிப் பார்ப்பேன். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு திறந்தால் போதும். அதில் வரவில்லை என்றால் ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். அப்போதும் வந்தால் புதிய புரொஃபைல் ஒன்றில் பார்ப்பேன். அங்கே வரவில்லை என்றால் கெட்டது பழைய புரொஃபைல். அங்கேயும் வந்தால், கோளாறு பிரவுசருக்கு வெளியே இருந்து வருகிறது: ஆன்டிவைரஸ், பிரிண்டர், கீபோர்டு மென்பொருள். ஈவென்ட் வியூவர் இன்றும் அதே 1000 எண்ணோடு இருக்கிறது. பிரவுசரைத் தூக்கிவிட்டு மறுபடி போடுவதை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது பெரும்பாலும் புரொஃபைலைத் தொடுவதே இல்லை. கெட்டது அங்கே இருந்தால் அப்படியே திரும்பிவரும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். மூடுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? “ஒண்ணும் பண்ணலையே” என்பதுதான் எல்லோரும் சொல்கிற முதல் பதில். அது பயத்தில் வருகிற பதில் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை என்று சொல்லி, கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் உண்மையான பதில் வரும். இதற்கு நேரம் செலவாகும்; சர்வீஸ் சார்ஜில் இதைச் சேர்க்க முடியாது. இருந்தாலும் இந்தத் தொழிலில் பாதி வேலை அந்தப் பேச்சுதான் என்று நம்புகிறேன்.

போன மாதம் வரி தாக்கல் செய்யும் அலுவலகம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். பிரவுசரை மூடினால் கிராஷ் ரிப்போர்ட்டர் வருகிறது, சில நாள் வருகிறது, சில நாள் இல்லை என்றார். டிஜிட்டல் கையெழுத்துக்கு யு.எஸ்.பி. டோக்கன் செருகுவீர்களா என்று கேட்டேன். தினமும் இல்லை என்றார். ஒரு வாரத்துக்கு ஒரு தாளில், டோக்கன் செருகிய நாள், பெட்டி வந்த நாள் இரண்டையும் குறித்துவைக்கச் சொன்னேன்; பெட்டி வந்தால் மூடுவதற்கு முன் போனில் ஒரு போட்டோ. சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் அந்தத் தாளை அனுப்பினார். டோக்கன் செருகாத நாள்களில் பெட்டி இல்லை. டோக்கனுக்கான டிரைவரைப் புதுப்பிக்க திங்கள்கிழமை போகிறேன்.