கண்ணால் எழுதிய வாப்பா



போன கிழமை கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் தன் புதிய ஐபோனைக் காட்டினார். விரல் படவே தேவையில்லை. திரையில் ஒரு இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் அழுத்துப்படுகிறது. 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18இல் இந்த வசதி இருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கு ஆள் பறித்துப் பார்த்துச் சிரித்தார்கள். உம்மா மட்டும் எழும்பி உள்ளே போய்விட்டார்.

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தோம்.

வாப்பாவுக்கு வந்தது இயக்க நரம்புக் கல நோய். முதலில் கை தளர்ந்தது. பிறகு கால். கடைசியில் நாக்கு. அறிவு அப்படியே இருந்தது. இந்த நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசிவரை தப்பியிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். அப்போது அது எங்களுக்கு ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையாகவே பட்டது.

விரல் கொஞ்சம் அசைந்த காலத்தில் சைகை செய்தார். ஒரு விரல் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கை அசைவை வைத்துக் கணினியை இயக்குவதெல்லாம் இப்போது பெரிய விஷயமில்லை. கூகுள் 2019இல் இலவசமாக வெளியிட்ட மென்பொருள் ஒன்று, சாதாரண கமராவில் தெரியும் கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடித்து விரலின் அசைவைப் பின்தொடர்கிறது. ஆனால் அதற்கு அசையும் விரல் வேண்டுமே.

விரலும் நின்ற பிறகு கேள்வி கேட்பது எங்கள் வேலை, பதில் சொல்வது வாப்பாவின் வேலை என்று ஆகிவிட்டது. மேலே பார்த்தால் ஆம். கண்ணை மூடித் திறந்தால் இல்லை.

“தண்ணி வேணுமா வாப்பா?”

“எங்கயும் நோகுதா?”

“ஃபேனக் கூட்டவா?”

நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்தோம். ஊரும் அப்படித்தான் சொன்னது. ஆனால் சில நாட்களில் எதைக் கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பார். கண்ணீர் வடியும். நோயின் கவலை என்று எண்ணித் துடைத்துவிடுவோம்.

அது 2022. மின்வெட்டு, எரிபொருள் வரிசை, டொலர் இல்லாத நாட்கள். கண்ணால் இயக்கும் கருவிகளைப் பற்றி இரவில் தேடித் தேடி வாசித்தோம். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை முகத்தில் படவிடுகிறார்கள். அது கண்ணின் முன்பரப்பில் சின்னப் பொட்டாக மினுங்கும். அந்தப் பொட்டுக்கும் கண்மணிக்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதைக் கமரா அளந்து, பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணிக்கிறது. இதே நோய் 2011இல் கண்டறியப்பட்ட ஸ்டீவ் கிளீசன் என்ற அமெரிக்கக் காற்பந்து வீரர், 2014இல் மைக்ரோசொப்ட் ஊழியர்களிடம் தன் சக்கர நாற்காலியைக் கண்ணால் ஓட்ட வழிசெய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார். 2017இல் விண்டோஸ் 10இல் கண்ணால் கணினியை இயக்கும் வசதி வந்தது. வாசிக்க ஆசையாக இருந்தது. ஆனால் கருவியைத் தருவிக்கும் நிலையில் நாங்களும் இல்லை, நாடும் இல்லை.

போனில் கூகுளின் இலவசச் செயலி ஒன்று கிடைத்தது. முன்கமராவே போதும். வசனங்கள் இடம், வலம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். பார்த்த பக்கம் மீண்டும் இரண்டாகப் பிரியும். அப்படியே கடைசியில் ஒரு வசனம் மிஞ்சும். நல்ல செயலி. ஆனால் அதிலும் நாங்கள் எழுதி வைத்த வசனங்களில்தான் வாப்பா ஒன்றைத் தெரிய வேண்டும். யன்னல் வெளிச்சம் முகத்துக்குப் பின்னால் விழுந்தால் கமரா தடுமாறும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சார்ஜும் போகும்.

கடைசியில் ஒரு பிறிஸ்டல் மட்டையை எடுத்தோம். தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் ஒரு நோயாளியின் கண்ணுக்கு முன்னால் பரப்ப முடியாது. ஆனால் முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திலேயே வழி இருந்தது. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. மூன்று வரிசை. கீழே உயிரெழுத்துக்கள். நாங்கள் வரிசையைத் தொட்டுக்கொண்டு போவோம். சரியான வரிசை வந்ததும் வாப்பா மேலே பார்ப்பார். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து. இதையேதான் கருவியும் செய்கிறது. அங்கே கமரா கண்ணைப் பார்க்கிறது, இங்கே நாங்கள் பார்த்தோம்.

முதல் நாள் மஃரிபுக்குப் பிறகு. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சம்.

வல்லினம். க.

மறுபடி வல்லினம். ட.

“கடையா வாப்பா? கடையில என்னவும் வாங்கணுமா?”

கண் மூடித் திறந்தது. இல்லை.

மெல்லினம். கடைசி எழுத்து. ன.

“கடனா?”

மேலே பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

யாரிடம், எவ்வளவு என்று முடிக்க இஷா தாண்டிவிட்டது. தங்கச்சியின் கலியாணத்துக்கு வாங்கி, எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த காசு. கொடுத்தவரும் நோயாளி வீடென்று வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் காக்கா கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து “குடுத்தாச்சு வாப்பா” என்றபோது வாப்பா கண்ணை மூடினார். இல்லை என்பதற்காக அல்ல. தூங்கிவிட்டார்.

ஏழு மாதம். கடனோடு மவுத்தாகிவிடுவோமோ என்ற பயத்தோடு அவர் கிடந்த ஏழு மாதமும் நாங்கள் ஃபேனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நிற்க முடியாதவர் இருந்து தொழ வேண்டும், இருக்க முடியாதவர் படுத்துத் தொழ வேண்டும், தலையும் அசையாதவர் கண் இமையால் சைகை செய்ய வேண்டும், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தால் தொழ வேண்டும் என்று மத்ரஸாவில் எல்லோரும் ஓதியிருக்கிறோம். அறிவு இருக்கும்வரை தொழுகை கடமை. ஊமையின் சைகை பேச்சுக்குச் சமம் என்பதும் நம் ஷாஃபிஈ மத்ஹபில் உள்ளதுதான். வாப்பா இமையால் தொழுததை ஒவ்வொரு வக்திலும் பார்த்தோம். ரப்போடு பேசுகிற அந்தக் கண் எங்களோடும் பேசும் என்று மட்டும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் பேச்சு நின்ற ஒருவர் இருக்கலாம். பாரிசவாதம் வந்த மூத்தம்மா, பிறப்பிலேயே கைகால் இயங்காத பிள்ளை. கருவி வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் மட்டை போதும். முதலில் ஆம் எது, இல்லை எது என்று கண்டுபிடியுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். எழுத்தைக் கொடுங்கள். எழுத்து தெரியாத பிள்ளைக்குப் படத்தைக் கொடுங்கள். நாம் கேட்காததையும் அவர்கள் சொல்லட்டும்.

அன்று உள்ளே போன உம்மா வெறுங்கையோடு திரும்பவில்லை. அலுமாரிக்கு மேலே சுற்றி வைத்திருந்த மட்டையைக் கொண்டு வந்து, மச்சானின் போனுக்குப் பக்கத்தில் விரித்தார். மூலைகள் மடங்கியிருந்தன. மெழுகு சொட்டிய இடம் அப்படியே இருந்தது.

அதைப் பார்த்து எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். வாப்பாவுக்கு துஆ செய்யுங்கள்.